பதினாறாம் இடத்து ஆள்

41 பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஓர் இடத்திலிருந்து தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். மூன்றாவது ஆள் வெளியே. அவருக்கு அடுத்தவரிடமிருந்து மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மூன்றாவது ஆளும் வெளியே. வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் மிஞ்சுகிறவர் முதலில் எத்தனையாவது இடத்தில் நின்றவர்?

விடை 31. கணினி சார்ந்து எதைப் படித்தவர்களும் இந்தக் கணக்கை எங்காவது சந்தித்திருப்பார்கள். ஸ்கூடாயில் நான் படித்தபோது இரண்டாம் ஆண்டில் வந்தது. நேர்முகத் தேர்வுகளில் இன்னமும் கேட்கிறார்கள். இதற்கு 'ஜோசபஸ் கணக்கு' என்று பெயர். நிரல் எழுதி, விடை சரியா என்று பார்த்து, அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவோம். ஜோசபஸ் யாருன்னு கேட்க அங்கே நேரம் இருக்காது.

பாடப் பயிற்சியில் 'வெளியே' என்று நாகரிகமாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு குகையும் முப்பத்தொன்பது சாவும் இருக்கின்றன.

*

யோசேப் பென் மத்தித்யாகு கி.பி. 37இல் எருசலேமில் ஒரு குருமார் குடும்பத்தில் பிறந்தவர். கி.பி. 66இல் யூதர்கள் ரோமாபுரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது கலிலேயா பகுதியின் தளபதியாக அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. அடுத்த ஆண்டு வெஸ்பாசியன் என்ற ரோமானியத் தளபதி பெரும் படையோடு வந்து யோத்பாத் என்ற மலையூரை முற்றுகையிட்டார். கிரேக்கத்தில் இவ்வூருக்கு யோதபாதா என்று பெயர். முற்றுகை 47 நாள் நீடித்தது. ஊர் விழுந்தது. 1990களில் அங்கே அகழாய்வு நடத்தியவர்கள் அம்பு முனைகளையும், எறிபொறிகளின் கல் குண்டுகளையும், மனித எலும்புகளையும் கண்டெடுத்தார்கள். அந்த ஊரில் ஒரு படுகொலை நடந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

குகையில் நடந்ததற்கு மட்டும் ஒரே சாட்சிதான். அது ஜோசபஸின் எழுத்து. 'யூதப் போர்' என்ற தன் நூலின் மூன்றாம் பாகத்தில் அவர் சொல்வது இது. ஊர் விழுந்ததும் அவர் ஒரு ஆழ்குழிக்குள் குதிக்கிறார். அதன் பக்கவாட்டில் ஒரு குகை. அங்கே ஏற்கெனவே ஊரின் முக்கியஸ்தர்கள் 40 பேர் ஒளிந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண் பிடிபட, இடம் தெரிந்துவிடுகிறது. சரணடையச் சொல்லி வெஸ்பாசியன் ஆள் அனுப்புகிறார். கடைசியாக வந்தவர் நிகானோர், ஜோசபஸுக்கு முன்பே தெரிந்தவர். ஜோசபஸ் இறங்கிவரத் தயார். கூட இருந்த நாற்பது பேரும் தயாராக இல்லை. அடிமையாகப் போவதைவிடச் சாவது மேல் என்கிறார்கள். நீ போனால் உன்னை நாங்களே வெட்டுவோம் என்று வாளை நீட்டுகிறார்கள்.

தற்கொலை கடவுளுக்கு எதிரான குற்றம் என்று ஜோசபஸ் நீண்ட உரை ஆற்றுகிறார். எடுபடவில்லை. உடனே அவர் பேச்சை மாற்றுகிறார். சரி, சாவோம், ஆனால் யாரும் தன் கையால் தன்னைக் கொல்ல வேண்டாம், சீட்டுப் போடுவோம், முதல் சீட்டு வந்தவரை அடுத்த சீட்டுக்காரர் கொல்லட்டும், அப்படியே வரிசையாகப் போகட்டும் என்கிறார். எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கழுத்தை நீட்டுகிறார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். ஜோசபஸும் இன்னொருவரும். இது தற்செயலா, தெய்வச் செயலா என்று இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துவிட்டு எழுத்தாளர் நகர்கிறார். அந்த இன்னொரு ஆளிடம் பேசி, இருவரும் உயிரோடு வெளியே வருகிறார்கள்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது ஒன்று உறுத்தும். ஜோசபஸ் 'நான்' என்று எழுதவில்லை. 'ஜோசபஸ் சொன்னான், ஜோசபஸ் செய்தான்' என்று படர்க்கையில் எழுதுகிறார். யாரோ ஒருவர் தூரத்தில் நின்று பார்த்து எழுதியது போன்ற தோற்றம். ஆனால் குகைக்குள் அப்படி நின்று பார்த்தவர் யாரும் கிடையாது.

பிறகு நடந்தது வெளிப்படையான வரலாறு. வெஸ்பாசியனின் முன்னால் நிறுத்தப்பட்டதும், நீ பேரரசனாவாய் என்று ஜோசபஸ் ஆரூடம் சொல்கிறார். கி.பி. 69இல் வெஸ்பாசியன் உண்மையிலேயே பேரரசரானார். ஜோசபஸ் விடுதலையானார். கி.பி. 70இல் வெஸ்பாசியனின் மகன் தீத்து எருசலேமை அழித்தபோது ரோமானியப் படையின் பக்கம் நின்றார். ரோமாபுரிக் குடியுரிமையும் உதவித்தொகையும் கிடைத்தன. பேரரசரின் குடும்பப் பெயரான பிளாவியஸ் என்பதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். அந்த நூற்றாண்டின் யூத வரலாற்றில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் எழுதியதுதான். சொந்த மக்கள் துரோகி என்றார்கள். ஆனால் அவர்களுடைய கதையைத் தெரிந்துகொள்ள அந்தத் துரோகியிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

*

கவனித்திருப்பீர்கள். மேலே சொன்னதில் வட்டம் எங்கேயும் இல்லை. மூன்று என்ற எண்ணும் இல்லை. ஜோசபஸ் எழுதியது சீட்டு. அப்ப இந்த வட்டம் எங்கேயிருந்து வந்தது?

வாசகர்களின் சந்தேகத்திலிருந்து வந்தது என்பேன். திட்டத்தை முன்மொழிந்தவரே கடைசியில் தப்பிக்கிறார் என்றால், யாருக்குத்தான் சந்தேகம் வராது? சீட்டு உண்மையிலேயே நேர்மையாக இருந்திருந்தால் 41 பேரில் ஒரு குறிப்பிட்ட ஆள் கடைசி இருவரில் ஒருவராக இருக்கும் வாய்ப்பு 41இல் 2. சுமார் 5 சதவீதம். நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் நம்புவதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். இந்த நூலுக்கு ஒரு பழைய ஸ்லாவிய மொழிபெயர்ப்பு உண்டு. அதில் தெய்வச் செயல் என்ற சமாதானம் போய், அவர் எண்களைத் தந்திரமாக எண்ணி எல்லோரையும் ஏமாற்றினார் என்ற பொருளில் ஒரு வரி வந்துவிடுகிறது. இடைக்காலத்தில் யாரோ ஒருவர் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்வதாக நினைத்துச் சேர்த்திருக்க வேண்டும்.

இதற்கிடையே ஐரோப்பாவில் வட்டக் கணக்கு தனியாக ஒரு கப்பல் கதையாக உலவிக்கொண்டிருந்தது. அதன் விடையை மனப்பாடம் செய்வதற்கான இலத்தீன் செய்யுள் 10ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது. பிற்காலத்தில் பரவலான வடிவம் இப்படிப் போகும். ஒரு கப்பலில் 15 கிறிஸ்தவர்கள், 15 துருக்கியர்கள். புயல். பாரம் குறைக்கப் பாதிப் பேரைக் கடலில் தள்ள வேண்டும். வட்டமாக நிற்கவைத்து ஒன்பதாவது ஆளைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். துருக்கியர்கள் மட்டுமே விழும்படி எப்படி நிறுத்துவது? விடை: 4 கிறிஸ்தவர், 5 துருக்கியர், 2, 1, 3, 1, 1, 2, 2, 3, 1, 2, 2, 1 என்று மாற்றி மாற்றி. சில பிரதிகளில் துருக்கியர் இருக்கும் இடத்தில் யூதர்கள் இருக்கிறார்கள். அந்தந்த ஊர் யாரைக் கடலில் தள்ள ஆசைப்பட்டதோ அவர்கள் கணக்குக்குள் வந்து நின்றுகொண்டார்கள். செய்யுளில் உயிரெழுத்துகளின் வரிசையே இந்த எண்களைக் குறிக்கும். ஐந்து உயிர்கள், ஒன்று முதல் ஐந்து வரை. அழகான உத்திதான். இந்த அழகைப் பாராட்டிக்கொண்டே எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் பதினைந்து பேரைக் கடலில் தள்ளியிருப்பார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் திக்கென்று இருக்கிறது.

1539இல் இத்தாலியக் கணித அறிஞர் கார்தானோ இதை ஜோசபஸின் விளையாட்டு என்ற பெயரோடு இணைத்தார். 1612இல் பிரான்ஸின் பாஷே வெளியிட்ட கணிதப் புதிர் நூலில் 41 பேர், மூன்றாவது ஆள் என்ற கணக்கு வந்துவிட்டது. பாஷே யாருன்னா, டயோஃபாண்டஸின் நூலை 1621இல் இலத்தீனில் பதிப்பித்தவர். அந்தப் பதிப்பின் ஓரத்தில்தான் ஃபெர்மா தன் புகழ்பெற்ற குறிப்பை எழுதிவைத்தார். ஆக, குகையில் நடந்ததற்கும் நாம் வகுப்பில் போடும் கணக்குக்கும் நடுவே 1500 ஆண்டுகள். 3 என்ற எண் வரலாறு கொடுத்ததல்ல, புதிர்க்காரர்கள் போட்டது.

ஜப்பானில் இதே கணக்கு வேறு கதையோடு வாழ்ந்தது. ஒரு செல்வந்தருக்கு மூத்த தாரத்துப் பிள்ளைகள் 15, இளைய தாரத்துப் பிள்ளைகள் 15. சொத்து ஒருவருக்குத்தான். இளையவள் முப்பது பேரையும் வட்டமாக நிறுத்திப் பத்தாவது பிள்ளையை நீக்கிக்கொண்டே வருகிறாள். அவள் ஏற்பாட்டின்படி மூத்தவளின் பிள்ளைகளே ஒவ்வொன்றாகப் போகிறார்கள். பதினான்கு பேர் போனதும் மிஞ்சிய ஒரே மூத்த தாரத்துப் பிள்ளை, 'இனிமேல் என்னிடமிருந்து எண்ணுங்கள்' என்கிறது. மறுக்க முடியாமல் அவள் ஒப்புக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அவளுடைய பதினைந்து பிள்ளைகளும் வரிசையாக வெளியேறுகிறார்கள். கதைக்காகச் சொன்னது என்று நினைத்து நான் போட்டுப் பார்த்தேன். 16 பேர், பத்தாவது ஆள் வெளியே என்றால், எண்ணத் தொடங்கிய அதே முதல் ஆள்தான் கடைசியில் மிஞ்சுகிறார். கதை சொன்னவருக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது.

1627இல் யோஷிதா மிட்சுயோஷி எழுதிய 'ஜின்கோகி' என்ற கணக்கு நூல் இதைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே, கென்கோ என்ற துறவி தன் 'சுரெசுரெகுசா' குறிப்புகளில் இந்த விளையாட்டைச் சாவுக்கு உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். பலகையில் காய்களைப் பரப்பும்போது எது முதலில் போகும் என்று தெரியாது. ஒன்று போகும்போது மற்றவை தப்பியது போலிருக்கும். எண்ணிக்கொண்டே போனால் எதுவும் தப்பாது. இது அவருடைய பார்வை. புதிர்க்காரர்கள் எல்லாரும் யார் மிஞ்சுவார் என்று கேட்டார்கள். கென்கோ ஒருவர்தான் யாரும் மிஞ்சுவதில்லை என்று பார்த்தவர்.

*

இப்போது கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், கூட்டலும் கழித்தலும் போதும்.

முதல் வழி, நடந்ததை அப்படியே நடத்திப் பார்ப்பது. நாற்பத்தொரு பேரையும் நினைவகத்தில் வரிசையாக வைத்து, ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவரின் கையைப் பிடித்திருப்பது போல இணைக்க வேண்டும். கடைசி ஆள் முதல் ஆளின் கையைப் பிடித்தால் வட்டம். மூன்றாவது ஆளை எடுத்துவிட்டு, அவருக்கு முன்னால் நின்றவரின் கையைப் பின்னால் நின்றவரின் கையோடு சேர்த்துவிட வேண்டும். பல்லாங்குழி ஆடியவர்களுக்கு, இங்கே மலாய்க்காரர்களோடு சோங்காக் ஆடியவர்களுக்கும், சுற்றிச் சுற்றி எண்ணி வருவது கைப்பழக்கம். இந்த வழியில் குறை ஒன்றுதான். ஆட்கள் லட்சம், எண்ணும் எண் ஆயிரம் என்று போனால் கணினி ஏறத்தாழ பத்துக் கோடி தடவை நகர வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி பின்னாலிருந்து வருவது. ஆய்லர் 1776இல் வெளியான கட்டுரையில் இந்தப் பாதையைத்தான் பிடித்தார். ஒரே ஒருவர் நின்றால் மிஞ்சுகிறவர் முதலாம் இடத்தவர். இதில் சந்தேகமில்லை. இப்போது ஒருவரைக் கூட்டி இரண்டு பேராக்குவோம். முன்பு கிடைத்த இடத்தோடு 3ஐக் கூட்டு. ஆட்களின் எண்ணிக்கையைத் தாண்டினால் தாண்டாத அளவுக்கு அந்த எண்ணிக்கையைக் கழித்துக்கொண்டே வா. 1 + 3 = 4, அதில் 2 போனால் 2. ஆக இரண்டு பேரில் மிஞ்சுகிறவர் இரண்டாம் இடத்தவர். மூன்று பேர் என்றால் 2 + 3 = 5, அதில் 3 போனால் 2. நான்கு பேர் என்றால் 2 + 3 = 5, அதில் 4 போனால் 1. ஐந்து பேருக்கு 4. ஆறு பேருக்கு 1. ஏழு பேருக்கு 4. எட்டுப் பேருக்கு 7. இப்படியே போனால் 31 பேருக்கு 1 வரும். அங்கிருந்து ஒவ்வொருவருக்கும் மூன்று மூன்றாகக் கூடி, 41 பேருக்கு 31.

ஏன் 3ஐக் கூட்ட வேண்டும்? முதல் ஆள் போனதும் எண்ணிக்கை நான்காவது இடத்திலிருந்து தொடங்குகிறது. அதாவது ஒரு ஆள் குறைந்த புதிய வட்டத்தின் முதலாம் இடம் என்பது பழைய வட்டத்தின் நான்காம் இடம். புதிய வட்டத்தில் கிடைத்த விடையை மூன்று தள்ளிவைத்தால் பழைய வட்டத்தின் விடை. அவ்வளவுதான்.

மூன்றுக்குப் பதில் ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டாவது ஆளை நீக்கினால் கணக்கு இன்னும் எளிது. ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து அதற்குள் அடங்கும் மிகப் பெரிய இரண்டின் அடுக்கைக் கழி. மிச்சத்தை இரட்டித்து ஒன்று கூட்டு. 41இல் 32 போனால் 9. இரட்டித்தால் 18, ஒன்று கூட்டினால் 19. இரும எண்ணில் 41 என்பது 101001. அதன் முதல் இலக்கத்தைப் பெயர்த்துக் கடைசியில் ஒட்டினால் 010011. அது 19. கிரஹாம், கனூத், படாஷ்னிக் மூவரும் எழுதிய கணித நூலின் முதல் அத்தியாயத்தில் இதைப் பார்த்தபோது, கல்லூரியில் எனக்கு உண்மையிலேயே கைதட்டத் தோன்றியது.

இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் வேகம் மட்டுமில்லை. முதல் வழியில் ஒவ்வொரு ஆளுக்கும் நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. விரும்பினால் பெயரும் வைக்கலாம். யார் எப்போது போனார், அவர் போனபோது பக்கத்தில் நின்றவர் யார் என்பதெல்லாம் தெரியும். இரண்டாவது வழியில் ஒரே ஓர் எண் போதும். மிஞ்சியவரின் இடம். மற்ற நாற்பது பேரும் அங்கே ஆட்களே கிடையாது, கூட்ட வேண்டிய எண்ணிக்கை மட்டும்தான். அதனால்தான் அது வேகமாக ஓடுகிறது. தப்பியவரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறது. ஜோசபஸின் நூலும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த நாற்பது பேரில் ஒருவருடைய பெயரையும் அவர் எழுதவில்லை. பேச வந்த ரோமானியத் தூதர்களின் பெயர்கள் இருக்கின்றன. கூடச் செத்தவர்களின் பெயர்கள் இல்லை.

*

சீட்டும் எண்ணிக்கையும் பார்க்க ஒன்று போலத் தெரியும். இரண்டும் யாரும் தேர்ந்தெடுக்காதது போன்ற ஒரு தோற்றத்தைத் தருகின்றன. சின்ன வயசில் லாத்தாலிலாட் போட்டோ ஓசோம் போட்டோ ஆள் பிரித்தவர்களுக்குத் தெரியும், கூட்டத்தில் ஒரு பெரிய பையன் இருப்பான், யாரிடமிருந்து ஆரம்பித்தால் தான் மாட்டமாட்டோம் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும். வட்டத்தில் எண்ணுவது அதிர்ஷ்டமில்லை. ஆட்கள் எத்தனை, எண் எது, தொடக்கம் எங்கே என்ற மூன்றும் தெரிந்தால் முடிவு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

இந்த ஆபத்தை நம்மவர்கள் அறியாதவர்கள் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையின் விதிகளை அவை வரி வரியாகச் சொல்கின்றன. 30 குடும்புகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்க வேண்டும். சபை முழுக்கக் கூடியிருக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் எடுக்க வேண்டும். ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கை தெரிய வாங்க வேண்டும். இந்த விரித்த விரல் என்ற விவரம்தான் என்னை நிறுத்தியது. கையில் வேறு ஓலையை மறைத்துவைத்து மாற்றிய யாரோ ஒருவர் முன்பு இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி ஒரு விதி கல்லில் ஏறியிருக்காது.

யோத்பாத் குகையில் விரல் விரித்து வாங்கிய மத்தியஸ்தன் இல்லை. அறியாச் சிறுவன் இல்லை. சீட்டு யோசனை யாருடையதோ அவரே அங்கே தளபதி.

ஆனால் உத்திரமேரூரையும் முழுக்கப் புகழ்ந்துவிட முடியாது. குலுக்கல் நேர்மையானது. குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. அந்த நிலத்தில் உழுதவரின் பெயர் எந்த ஓலையிலும் ஏறாது. வட்டத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால் வட்டத்தை யார் வரைந்தது என்று கேட்க வேண்டும்.

*

இதை ஏன் கூலாயில் உட்கார்ந்துகொண்டு யோசிக்கிறேன் என்றால், காரணம் இங்கேதான் இருக்கிறது. கூலாயைச் சுற்றி இன்று எண்ணெய்ப்பனையும் தொழிற்பேட்டைகளும், அண்மைக்காலமாகத் தரவு மையங்களும் இருக்கின்றன. முன்பு ரப்பர். ஜப்பானியர் காலத்தில் மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். 1942இன் நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர்.

நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களுக்கு வரிசை எண் இருந்தது, படைப்பிரிவு இருந்தது, ரகசியமாகப் பட்டியல் வைத்திருந்த அதிகாரிகள் இருந்தார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் ஒளித்துவைத்து எழுதிய நாட்குறிப்பு பிறகு நூலாக வந்தது. காஞ்சனபுரி இடுகாட்டில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு அப்படியில்லை. 2 லட்சம் பேர் அளவில், இறந்தவர்கள் 90,000 வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. இந்த எண்களின் கடைசியில் உள்ள பூஜ்யங்களைப் பாருங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று எண்ணியிருந்தால் எண் பூஜ்யத்தில் முடியாது.

என் பாட்டியின் பெரியப்பா சயாமுக்குப் போனவர். பாட்டி அப்போது கைக்குழந்தை. அவருக்குத் தெரிந்தது அவர் அம்மா சொன்னது. ஒருமுறை விவரம் கேட்டேன். "பெரியப்பா கூட அந்த லயத்திலேருந்து எத்தன பேரு போனாங்க பாட்டி?" என்றேன். "எவன்யா எண்ணுனான்? லாரி வந்துச்சு, ஏத்துனானுங்க. திரும்பி வந்தது ரெண்டு பேரு. அவங்களும் வாயத் தொறக்க மாட்டாங்களாம். எங்கம்மா போயி கேட்டதுக்கு, 'ஒன்னும் கேக்காத தாயி'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாராம்."

அந்த இரண்டு பேரின் பெயர் பாட்டிக்குத் தெரியவில்லை.

பாஷேயின் கணக்கு இரண்டு இடங்களைக் கேட்கும். ஒன்று 31. மற்றது 16. ஜோசபஸும் அவருடன் தப்பிய ஆளும். மேலே சொன்ன அதே கூட்டல் முறையில், கடைசி இரண்டு பேரில் முதலாமவரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்தால் 16 கிடைக்கும். பயிற்சித் தாள்களில் பெரும்பாலும் 31 மட்டும்தான் கேட்கப்படுகிறது. 16 தானாகவே உதிர்ந்துவிட்டது. மூலநூலிலும் அதே கதைதான். ஜோசபஸின் பேச்சைக் கேட்டு வாளைக் கீழே போட்ட அந்த மனிதரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இல்லை. பெயர் இல்லை. குகைக்கு வெளியே வந்தபிறகு அவர் என்ன ஆனார் என்பதும் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். சீட்டு எப்படிப் போடப்பட்டது, யார் குலுக்கியது, தளபதியின் சீட்டு எங்கேயிருந்து வந்தது, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர். அவர் ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தால் இரண்டாயிரம் வருஷச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

சயாமிலிருந்து திரும்பிய தமிழர்கள் நம்முடைய பதினாறாம் இடத்து ஆட்கள். தப்பியவர்கள் எல்லாரும் எழுதுவதில்லை. எழுதுவதற்குப் படிப்பு வேண்டும், ஓய்வு வேண்டும், வாசிக்க ஒரு பேரரசு காத்திருக்க வேண்டும். இவர்களுக்கு எதுவும் இல்லை. காய்ச்சலோடு இறங்கி, மறுபடியும் அதே தோட்டத்தில் பால் வெட்டப் போனார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்கள் வந்ததற்குப் பிறகுதான் அந்த மௌனத்துக்குத் தமிழில் ஒரு வடிவம் கிடைத்தது. அவை பல பத்தாண்டுகள் கழித்து வந்தவை.

நேரில் போய் வந்தவர்கள் இன்று அநேகமாக இல்லை. அவர்கள் வாயிலிருந்து நேராகக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் போய் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்பதில் பயனில்லை, அது அவர்களுக்குத் தெரியாது. கூட யார் போனார், அவர் என்ன பெயர், எந்த லயம், பக்கத்து வீட்டில் யார் என்று கேட்கலாம். நிரல் மொழியில் சொன்னால் இது மெதுவான வழி, ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் இடம் ஒதுக்கி, கையைக் கையோடு இணைத்துக்கொண்டே போகிற வழி. பெயர்கள் மிஞ்ச வேண்டுமென்றால் அது ஒன்றுதான் இருக்கிறது. நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். பாட்டியின் தோட்டத்திலிருந்து இதுவரை நான்கு பெயர்கள் கிடைத்திருக்கின்றன.